பதினைந்து நாள் பாடக் கூடாது

பல் பிடுங்கிய வாயை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், நேராக என் நாத்தனாரிடம் போய்க் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறார். ஐஸ் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும், தயிர் சாதத்தை எந்தப் பதத்துக்குக் குழைக்க வேண்டும், எல்லாம் சொல்வார். சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும். எனக்குச் சொன்னதிலும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

என் கணவருக்கு அவர் மூத்தவர். நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்தபோது எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், மார்க்கெட்டில் எந்தக் கடையில் மீன் வாங்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். கன்னடம் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கறிக்கடைக்காரர், தையல்காரர், ஆட்டோக்காரர், போதகர் எல்லாருமே தமிழ் பேசுகிறவர்கள். நான் வேலை பார்ப்பதும் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக. கன்னடம் தேவைப்படுகிற இடங்களில் அக்கா பக்கத்தில் இருந்தார்.

அக்காவின் கன்னடம் சாதாரணக் கன்னடம் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மண்டியாவிலிருந்து வருகிற காய்கறிக்காரியிடம் மண்டியாக்காரி மாதிரியே பேசுவார், கரண்ட் ஆபீஸில் போய்ப் புத்தகத்துக் கன்னடத்தில் சண்டை போடுவார். “நீங்க கன்னடத்தவங்களா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், இரண்டு நாளைக்கு எங்களுக்கெல்லாம் அதே கதைதான். அவருக்கு இருந்த பெருமைகள் இரண்டு. ஒன்று கன்னடம், இன்னொன்று குரல்.

எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு சாயங்காலம் கீத ஆராதனை நடக்கும். விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி இருக்கும், ஆனால் ஏற்றியிருக்க மாட்டார்கள். அந்த இருட்டில் ஆலயத்தின் பின்வாசலிலிருந்து ஒரே ஒரு குரல், ஆர்கன் இல்லாமல், முதல் பாட்டைத் தொடங்கும். பாடிக்கொண்டே ஒற்றை மெழுகுவர்த்தியோடு நடுவில் நடந்து வர வேண்டும். அந்தக் குரல் பல வருஷங்களாக அக்காவுடையது. நான் கொயரில் பின்வரிசையில் நின்றுகொண்டு, வருஷா வருஷம் அந்த நடையை மனசுக்குள் நடந்து பார்ப்பேன். ஒரே ஒரு தடவை நான் பாட வேண்டும். அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் கொயர் மாஸ்டர் பயிற்சி முடிந்ததும் என்னை நிறுத்தி, “சோலோ இந்தத் தடவ நீங்க பாடுங்க” என்றார். அக்காவுக்கு மேல் ஸ்தாயி கொஞ்ச நாளாகவே பிசிறடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தால் அக்கா பின்னாலேயே நிற்கிறார். முதலில் என்னைக் கட்டிக்கொண்டவர் அவர்தான். “உனக்குத்தாம்மா வரணும். எனக்குத் தெரியும்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் கடைவாயில் அந்த ஞானப்பல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டது. பல் படுத்த வாக்கில் முளைத்திருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். நான் ஆராதனை முடியட்டும் என்றேன். அக்காதான் கேட்கவில்லை. “இப்பவே எடுத்துடு. அன்னிக்கு வலி வந்தா என்ன பண்ணுவ? இப்ப எடுத்தா அதுக்குள்ள ஆறிடும்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. அப்போது அவர் மனதில் வேறு எதுவும் இருந்திருக்காது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்ட் ஆபீஸுக்கு லீவு போட்டார். மூன்று பேருமாகப் போனோம். ஈறை வெட்டி, பல்லை இரண்டாக உடைத்து எடுத்து, தையல் போட்டார் டாக்டர். “ஓவர், ஓவர். சிஸ்டர் எல்லாம் சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். சிஸ்டர் மண்டியாப் பக்கத்துக்காரர். மடமடவென்று கன்னடத்தில் ஆரம்பித்தார். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி முகம் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர் மாத்திரைப் பையோடு நின்றுகொண்டிருந்தார். சிஸ்டர் ஒன்று சொல்ல, அக்கா ஒன்று சொன்னார்.

“ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கினே இருக்கணுமாம். துப்பக் கூடாதாம், எச்சிலை முழுங்கிடு.”

நான் தலையாட்டினேன்.

“ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாதாம். உறிஞ்சா உள்ள உறைஞ்ச ரத்தம் பிச்சிக்கினு வந்துடும், அப்புறம் உயிர் போற வலி. இன்னிக்கு ஜில்லுனு சாப்புடு. நாளையிலேர்ந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணி. புளிச் புளிச்னு கொப்பளிக்காத, சும்மா வாயில வச்சிருந்து சாய்ச்சு விடணும்.”

அடுத்து சிஸ்டர் சொன்னதில் ‘ஆட்’ என்றும் ‘பேடி’ என்றும் என் காதிலேயே விழுந்தது. பேடி என்றால் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஹாடு என்றால் பாட்டு என்றும் தெரியும். மண்டியாப் பக்கத்தில் ஹகரத்தை விழுங்கிவிடுவார்கள், பாலைச் சொல்கிற ஹாலு அவர்கள் வாயில் ஆலு ஆகிவிடும் என்று அக்காவே எத்தனையோ தடவை அவர்கள் மாதிரி பேசிக்காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார். நான் திடுக்கிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு நிமிஷம் சிஸ்டரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாடக் கூடாதாம்மா” என்றார். “பதினஞ்சு நாளைக்கு.”

ஆராதனைக்கு அதற்கும் குறைவான நாட்களே இருந்தன. வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டு, “அழாத, அழுதா தையல் இழுக்கும்” என்றார். என் வீட்டுக்காரர் குனிந்து பையில் மாத்திரைகளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா எனக்குச் செய்த பணிவிடையைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் வைத்து, கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து என்று முதல் நாள் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ராகிக் கஞ்சியை ஆற வைத்து, மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தார். தலைக்கு இரண்டு தலையணை வைத்தார். நான் காப்பிக்கு ஏங்கியபோது அதையும் ஆற்றி, சூடே இல்லாமல் பச்சைத்தண்ணீர் மாதிரி கொடுத்தார். தெருவில் இளநீர்க்காரர் பழக்கதோஷத்தில் ஸ்ட்ராவைப் போட்டு நீட்ட, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரோடு ஒரு கலாட்டா செய்தார். மூன்றாம் நாள் பல் விளக்கும்போதுகூடப் பின்னால் நின்று, “அந்தப் பக்கம் போவாத, போவாத” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஐஸ் ட்ரேயை நிரப்பி வைப்பது, உப்புத் தண்ணீர் கலந்து கொடுப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. வேலைக்குப் போகும் முன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர். கையை விட்டுச் சூடு பார்த்துத்தான் கொடுப்பார். நான் பாத்திரம் துலக்கும்போது என்னையறியாமல் முனக ஆரம்பித்துவிடுவேன். ஹாலிலிருந்து அவர், “ஷ்ஷ்! தையல் பிரிஞ்சிடப் போவுது” என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. பேசலாம், பாடக் கூடாதா? அக்காவிடம் கேட்டேன். “பேசறதுக்குப் பாதி வாய் போதும். பாட்டுக்கு முழுசா தெறக்கணும்ல?” என்றார். ஒரு தடவை க்ளினிக்குக்கு போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அதான் அன்னிக்கே சொன்னாங்களே, திரும்ப என்ன கேக்கறது” என்றார். அவர் சொல்வதும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

கொயர் பயிற்சிக்கு வீங்கிய கன்னத்தோடு போனேன். கொயர் மாஸ்டர் உச்சுக்கொட்டினார். வேறு யார் பாடுவது என்று கேட்டதும் எல்லார் கண்ணும் அக்காவிடம் போயிற்று. “நான் எதுக்கு? என் தொண்டை சரியில்ல. சின்னப் பொண்ணுங்க யாராச்சும் பாடட்டும்” என்றார் அக்கா. மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தார். கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது யார் தெரியுமா? நான்தான். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, எனக்காக” என்றேன். “உனக்காகத்தான்” என்றார். எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைத்திருந்த என் பாட்டுத் தாளையும் அவரிடம் கொடுத்தேன். எப்பேர்ப்பட்ட ஏமாளியைப் பெற்றுவிட்டிருக்கிறார்கள் ஆம்பூரில்!

ஆராதனையன்று விளக்குகள் அணைந்தன. நான் பின்வரிசையில் என் இடத்தில் நின்றேன். பின்வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மோசமாகப் பாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாகப் பாடினார். மேலே போகிற இடத்தில் குரல் ஆடியது, உடையவில்லை. நான் குறித்து வைத்த இடங்களிலெல்லாம் மூச்சு எடுத்தார். வாயைத் திறக்காமல் ஒவ்வொரு அடியையும் நான் உள்ளுக்குள் பாடிக்கொண்டே நின்றேன். முடிந்ததும் பாட்டிமார்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தார்கள். அவர் எல்லாரிடமும் என்னைக் காட்டி, “பாவம், இவ பாட வேண்டியது” என்றார்.

தையலை ஒரு வாரத்திலேயே பிரித்திருக்க வேண்டும். ஆராதனை வேலையில் அலைய வேண்டாம் என்று அக்காவே க்ளினிக்கில் பேசித் தள்ளி வைத்திருந்தார். திங்கட்கிழமை அவர் வீட்டில் பலகார வேலை இருந்ததால் நான் தனியாகப் போனேன். அதே சிஸ்டர் இருந்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, “நாலிகெ ஆடிஸ்லில்லா அல்வா? ஒள்ளேதாய்த்து” என்றார். நாக்கை ஆட்டவில்லை போல, நல்லதாகப் போயிற்று என்று பாராட்டுகிறார். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. பாராட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, “பாடவும் இல்ல சிஸ்டர், ஹாடு... ஹாடு கூட இல்லா” என்றேன், என் கன்னடத்தில்.

சிஸ்டர் விழித்தார். “ஆடோதா? நா ஏள்லில்ல” என்றார். பாடுவதா, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

“பாடக் கூடாதுன்னு யார் சொன்னாங்க? மூணு நாலு நாள் ரெஸ்ட் போதும். அப்புறம் பேசலாம், பாடலாம், என்ன வேணா பண்ணலாம். சிஸ்டர் சொன்னது நாக்கைப் பத்தி. அந்தப் பள்ளத்துல நாக்கை விட்டு ஆட்டாதீங்க, புண் ஆறாதுன்னு.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆடிஸ்பேடி, ஹாட்பேடி. நாக்கை ஆட்டாதே என்றது, பாடாதே என்று அக்கா காதில் விழுந்திருக்கிறது. என் காதிலும் அப்படித்தானே விழுந்தது! பாட்டுப் போனது போனதுதான். ஆனாலும் இது பல வருஷத்துக்குச் சொல்லிச் சிரிக்க ஆகும் என்று நினைத்துக்கொண்டே நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் குல்குல் பொரித்துக்கொண்டிருந்தார். சீப்பில் அழுத்திச் சுருட்டி வைத்த மாவுச் சுருள்கள் தட்டு நிறைய இருந்தன.

“அக்கா, உங்க கன்னடம் இவ்ளோதானா?” என்று கிண்டலாகவே ஆரம்பித்தேன். சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அந்தம்மா நாலிகெ ஆடிஸ்பேடின்னு சொன்னா நீங்க ஹாட்பேடின்னு எடுத்துக்கினீங்க!”

அக்கா சிரிக்கவில்லை. அரிகரண்டியால் எண்ணெயைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆமாம்மா, காதில் சரியாக விழவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“ஆடிஸ்பேடிக்கும் ஹாட்பேடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?” என்றார். “நான் இந்த ஊர்ல பொறந்தவ.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தார். எனக்கு அப்போதும் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி ஆற்றிக் கொடுத்த அதே கை, துண்டில் ஐஸ் சுற்றிய அதே கை. எனக்குக் காது குத்த எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்திருக்கிறது.

“ஏங்க்கா?”

“அடுத்த வருஷம் என்னை பின்வரிசைக்குப் போகச் சொல்லிடுவாங்க” என்றார். “இது கடைசி. உனக்கு இன்னும் எவ்ளோ வருஷம் இருக்கு.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்” என்றேன். அது உண்மை. எவ்வளவு அழுதாலும் அந்த ஒன்றை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

“அப்புறம்?” என்றார் அக்கா. எண்ணெயில் கிடந்த குல்குல் கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தார். நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து கொஞ்சம் கோபமாகவே சொன்னார், “என்னை மட்டும் கேக்கறியே. உன் வீட்டுக்காரனும் அங்கதான நின்னான். அவனும் இந்த ஊர்ல பொறந்தவன்தான்.”

வீடு வந்து சேர்ந்தது எப்படியென்று தெரியவில்லை. அடுத்த தெருதான், இருந்தும் மார்க்கெட் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குனிந்து மாத்திரைப் பையைக் கிளறிக்கொண்டிருந்தது. போன் போடாமல் தடுத்தது. ஹாலிலிருந்து ஷ்ஷ் என்றது. தையல் பிரிந்துவிடும் என்று பாடுகிறவளின் வாயை மூட வைத்தாரே, பிரியாது என்று தெரிந்துகொண்டே மூட வைத்தார். அக்கா சொன்னது ஒரு தடவை. இவர் அதைத் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவரிடம், ஷூவைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

“அன்னிக்கு சிஸ்டர் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?”

அக்கா போன் செய்திருக்க வேண்டும். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“கேட்டுது” என்றார்.

“ஏன் சொல்லல?”

“அக்கா ஒரு பார்வை பாத்துச்சு. அந்த நேரத்துல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.”

“அந்த நேரம் சரி. அதுக்கப்புறம் இத்தனை நாள்?”

அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். “அக்காவுக்கு இது கடைசி வருஷம்மா. உனக்கு வாய் நல்லா ஆறணும், அதானே முக்கியம்? ஆறிடுச்சுல்ல?” என்றார்.

அந்தப் பாட்டின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். நான் சொன்னது இவரிடம் மட்டும். அக்காவுக்கு அது தெரியாது, அவர் தெரியாமல் எடுத்தார். இவர் தெரிந்தே எடுத்துக் கொடுத்தார். அக்காவின் மேல் எனக்கு வந்தது கோபம், அதை என்றைக்காவது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு என்னவோ வந்தது. பயமாக இருந்தது.

அவர் சமையலறைக்குப் போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. வழக்கம்போல விரலை விட்டுச் சூடு பார்த்து, உப்புத் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். “தையல் பிரிச்ச எடம், இன்னும் ரெண்டு நாளைக்கு இதை வாயில வச்சு சாய்ச்சு விடணும்” என்றார்.

நான் வாங்கவில்லை. “இது யார் சொன்னது? டாக்டரா, அக்காவா?” என்று கேட்டேன்.

கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

“டாக்டர் சொன்னதுதாம்மா” என்றார். டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தன் தலையில் வைத்தார். “சத்தியமா.”

சர்ச்சில் மோதிரம் போட்ட அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் அவர் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.